தேதி பார்க்காமல் திறந்த பக்கம்

இருபத்திரண்டு வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் என் தம்பி முருகேசன், "அக்கா சிம்மக்கல்லுல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவான். அங்கே என்ன செய்கிறாள் என்று மேலே கேட்டால் அவன் பந்தியைக் கவனிக்கப் போய்விடுவான். நான் பார்த்தது வெப்சைட்டுகளைப் பராமரிக்கும் வேலை. புதிதாக உருவாக்குவது வேறு ஆட்கள். அவர்கள் செய்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அந்தத் தளம் வருடக்கணக்கில் நின்றுவிடாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் எல்லாத் தளங்களுக்கும் அப்டேட் தானாகவே நடக்கும்படி மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம். நாங்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ததை இப்போது யாரும் தொடாமலே அது செய்துகொள்கிறது. அதைச் சொல்வதற்குப் போன் செய்த எங்கள் முதலாளி நஸீமா மேடம், "அந்தப் பாசன சங்கத்து விஷயத்த மட்டும் எழுதிக் குடுங்க அக்கா. எல்லாம் தானா நடக்குதே, அப்புறம் பக்கத்தப் படிச்சுப் பாக்க ஒரு ஆள் எதுக்குன்னு புதுசா வந்தவங்க கேக்குறாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊர் கடம்பங்குளம். மதுரைக்கு மேற்கே, அணையிலிருந்து வரும் கால்வாயின் கடைசியில் இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் மேலக்கரை ஊர்க்காரர்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வந்தது தம்பி தலையெடுத்த பிறகுதான். நான் பத்தாவது முடித்து, டைப் படித்து, மதுரையில் ஒரு அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பாடநூல் குறிப்பு என்று பதினைந்து வருடம் தமிழ் அடித்தேன். அச்சகம் இடம் மாறியபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆரப்பாளையத்தில் ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். அங்கே எனக்கு அடுத்தபடி வயதில் மூத்தவர் வகுப்பு எடுத்த வாத்தியார்தான்.

நஸீமா மேடம் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். சிம்மக்கல்லில் மொத்த வெங்காயக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து அலுவலகம் தொடங்கியிருந்தார். பகலெல்லாம் கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்கும். தும்மல் வேறு வரும். நேர்காணலில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு எரர் வந்திருந்தது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டுப் படிங்க அக்கா" என்றார். திக்கித் திக்கிக் கடைசி வார்த்தை வரை படித்தேன். "நாளைக்கு வந்துருங்க" என்றார். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டு எதையாவது அழுத்தினார்களாம். இதைப் பிறகுதான் சொன்னார்.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது தளம் விழுந்துவிட்டது என்று போன் வந்தால், எழுந்து திரைக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எரர் முழுவதையும் படித்து முடிக்கும்வரை கை முன்னால் வராது. எங்களையும் அப்படியே நிற்கச் சொல்வார். கீழேயிருந்து வெங்காயக் கடைக்காரர் ஒரு நாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "என்ன பாய்வீட்டுப் பொண்ணு, ஆபீஸ்ல எல்லாரையும் தண்டனைக்கு நிக்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மேடம் திரும்பாமலே, "ரெண்டு நிமிசம் அண்ணே, விடுதலை ஆயிருவோம்" என்றார்.

அவருக்குக் கோபம் வந்தாலும் குரல் உயராது. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் கூடும். நான் அதைச் சரியாக ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அது. பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் தளம்.

வெப்சைட்டில் நாம் பார்க்கிற எழுத்தும் படமும் ஒரு மென்பொருளுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்தெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும்; படங்கள் தனிக் கோப்புகளாக இருக்கும். அந்த மென்பொருளோடு பிளகின் என்கிற சின்னச் சின்னத் துணை மென்பொருள்கள் சேர்ந்து ஓடும். ஒன்று படிவம் நிரப்ப, ஒன்று படம் காட்ட, இப்படி. இவை எல்லாவற்றுக்கும் அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். மாற்றாமல் விட்டால் திருடன் நுழைய வழி கிடைக்கும். மாற்றும்போது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் தளம் விழும். அதனால் மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்துவைப்போம். பேக்கப்.

அந்தப் பள்ளித் தளத்தை நான் ஒழுங்காக நகல் எடுத்தேன். அப்டேட் செய்தேன், விழுந்தது. பதறாமல் நகலைத் திருப்பி வைத்தேன். பக்கங்கள் திறந்தன. ஆனால் தமிழ் இருந்த இடமெல்லாம் வரிவரியாகக் கேள்விக்குறி. நகல் எடுக்கும்போதே எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியாக்க முறை தவறியிருக்கிறது. ஆங்கிலம் தப்பிவிட்டது, தமிழ் அத்தனையும் அழிந்துவிட்டது. கேள்விக்குறியிலிருந்து மறுபடி தமிழை எடுக்க எந்த வழியும் கிடையாது.

"நகல்... எடுத்தீங்க. சரி. அத... திருப்பி வச்சு... பாத்தீங்களா அக்கா?" என்றார் மேடம்.

பார்க்கவில்லை. எடுத்தது எடுத்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் நான்கு நாள் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியையின் பழைய பிரிண்ட் தாள்களையும் ஆண்டு மலர்களையும் வைத்துக்கொண்டு அறுபது பக்கத்துக்கு மேல் மறுபடி அடித்தேன். டிடிபி வேகம் கைகொடுத்தது. ஒரு கட்டத்தில் தலைமையாசிரியையே, "நீங்க அடிக்கிறப்ப ரெண்டு மூணு பழைய பிழைய திருத்திட்டீங்கம்மா" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த ஒவ்வொரு நகலையும் வேறொரு சர்வரில் வைத்து, திறந்து, ஒரு தமிழ் வரியையாவது படித்துப் பார்க்காமல் விட்டதில்லை.

இப்போது பாசன சங்கத்துக்கு வருகிறேன். இது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது.

எங்கள் ஊர்க் கால்வாயில் பதினோரு ஊர்களுக்குத் தண்ணீர். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விட்டால் கடைசி ஊருக்கு வந்து சேராது. அதனால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். எந்த ஊருக்கு எத்தனை நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று சங்கத்தில் கூடி முடிவு செய்து, பட்டியலை வெப்சைட்டில் போடுவார்கள். முன்பெல்லாம் கோயில் சுவரில் ஒட்டுவார்களாம். இப்போது மடை திறக்கிறவர்கூட போனில்தான் பார்க்கிறார். அந்தத் தளம் எங்கள் பராமரிப்பில் இருந்தது. கால்வாயில் என் தம்பியின் வயலும் இருக்கிறது என்பது மேடத்துக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தேன். "அப்ப நீங்கதான் ரொம்ப கவனமா பாப்பீங்க" என்று என்னிடமே கொடுத்தார்.

சங்கச் செயலாளர் தங்கராசு உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் மாற்றம் என்றால் பயம். அந்தத் தளத்தின் மென்பொருள் பழசாகிவிட்டது, அப்டேட் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "ஓடிக்கிட்டு இருக்கத எதுக்கும்மா நோண்டணும்? வெள்ளாமை முடியட்டும்" என்றார் இரண்டு முறையும்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவரிடமிருந்து போன்.

"பாண்டிம்மா, சைட்டு தொறக்கல. காலைல ஆறு மணிக்கு முறை மாறணும். மடையில ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் பாரும்மா."

மேடம் அன்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார். நான் மட்டும் இருந்தேன். திறந்து பார்த்தால் வெள்ளைப் பக்கம், தளத்தில் கடுமையான பிழை என்று ஒரு வரி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சர்வரின் பிழைப் பதிவைப் படித்தேன். மென்பொருளில் பாதிக் கோப்புகள் புதியவை, பாதி பழையவை. யாரோ அப்டேட்டைத் தொடங்கி, அது நடுவில் நின்றுபோயிருக்கிறது.

"யாராச்சும் உள்ள போயி எதையும் அமுக்குனீங்களா அண்ணே?"

"இல்லையேம்மா. யாரு அமுக்கப் போறா?"

கடைசியாக எடுத்து, திருப்பி வைத்துப் பார்த்த நகல் போன திங்கட்கிழமையுடையது. வாரம் ஒரு நகல் என்பது எங்கள் வழக்கம். அதை வைத்துவிட்டால் தளம் எழுந்துவிடும். ஆனால் அதற்கு முன் இப்போது உடைந்து கிடக்கிற நிலையையும் அப்படியே ஒரு நகல் எடுக்க வேண்டும் என்பது மேடத்தின் விதி. உடைந்ததை எதற்கு எடுத்துவைப்பது என்று எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது. எடுத்து முடியப் பதினொரு நிமிடம் ஆனது. அதற்குள் தங்கராசு அண்ணன் மூன்று முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை குரலில் அழுகையே இருந்தது. விட்டுவிட்டு நேராகத் திருப்பி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் கேள்விக்குறிகள் ஞாபகம் வந்தன. எடுத்து முடித்தேன்.

பிறகு பழைய நகலைத் திருப்பி வைத்தேன். ஒன்பதரைக்குத் தளம் திறந்தது. முகப்புப் படம் வந்தது. தமிழ் சரியாக இருந்தது. முறைப் பட்டியல் கட்டம் கட்டமாக ஒழுங்காக நின்றது. "தொறந்துருச்சு அண்ணே" என்று சொன்னேன். "நல்லாயிருப்ப தாயி" என்றார். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்த தேதியை நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்குத் தம்பி முருகேசன் கூப்பிட்டான். பின்னால் பெரும் சத்தம்.

"அக்கா, என்ன சைட்டு போட்டு வச்சிருக்க? நம்ம முறை இன்னைக்கு ஆறு மணிக்கு ஆரம்பிக்கணும். மேலக்கரைக்காரங்க போனக் காட்டி, இன்னும் அஞ்சு நாளு எங்களுக்குத்தான்னு சொல்றாங்க. பன்னண்டு நாளா தண்ணி பாக்காம கதிரு வாங்குற நேரத்துல பயிரு சுருளுது. இங்க கைகலப்பு ஆயிரும் போல இருக்கு."

அவனிடம் மேலும் கேட்டபோதுதான் புரிந்தது. கால்வாய்க் கரையில் உடைப்பு ஏற்பட்டதால், போன வியாழக்கிழமை சங்கம் கூடி முறையை மாற்றியிருக்கிறார்கள். மேலக்கரைக்கு இருந்த அடுத்த ஐந்து நாளைக் கடம்பங்குளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் வெள்ளிக்கிழமை தளத்தில் ஏறியிருக்கிறது. நான் திருப்பி வைத்ததோ அதற்கு முந்தைய திங்கட்கிழமைப் பக்கம். தளம் ஓடாமல் இருந்தவரை மடையில் எல்லாரும் காத்துக்கொண்டாவது நின்றார்கள். ஆறு மணிக்கு மாறியிருக்க வேண்டிய தண்ணீர் மேலக்கரைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது; நான் தளத்தை ஓட வைத்த பிறகு, அதுதான் சரி என்று ஆகிவிட்டது.

மேடம் அப்போதுதான் படியேறி வந்தார். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"உடைஞ்சத எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இருக்கு மேடம்."

"அப்ப எதுவும் தொலையல. முதல்ல இப்ப இருக்குற பக்கத்த மூடிருங்க. தப்பான பக்கம் ஒரு நிமிசம்கூட வெளியில இருக்க வேணாம்."

ஓடுகிற தளத்தை நானே இறக்கினேன். அந்த இடத்தில் ஒரு அறிவிப்பு மட்டும் போட்டேன்: "காலை ஒன்பதரை மணிக்கு இங்கே தெரிந்த பட்டியல் பழையது. அது எங்கள் தவறு. சரியான பட்டியல் சரிபார்க்கப்படுகிறது." எங்கள் தவறு என்ற வார்த்தையை மேடம்தான் சேர்க்கச் சொன்னார்.

பிறகு உடைந்த நகலின் படக் கோப்புகளில் தேடி, சங்கத் தீர்மானத்தின் ஸ்கேன் படத்தை எடுத்துவிட்டேன். நோட்டில் எழுதி, பதினோரு ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்ட பக்கம். அதைத் தங்கராசு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் மடையிலிருந்து ஒரு புதுக் குரல் பேசியது. மேலக்கரைப் பெரியவர் பெருமாள். தங்கராசு அண்ணனின் போனை வாங்கிப் பேசினார்.

"படம் அனுப்புனது நீதானா? வாட்ஸ்அப்புல எம்புட்டோ படம் வருது. மண்டையக் கழட்டி வேற ஆளு ஒடம்புல ஒட்டி அனுப்புறாங்க. தங்கராசு இந்தச் சுத்துக்கேன்னு சொல்றாரு. எனக்குத் தெரிஞ்சு அந்த மாத்தம் அடுத்த சுத்துக்குத்தான். நானும்தான் கூட்டத்துல இருந்தேன்."

"தீர்மான நோட்டு எங்க இருக்குங்கய்யா?"

"அது பொறியாளர் ஆபீசுக்குப் போயிருக்கு. அவரு கரை உடைப்பப் பாக்க வெளிய போயிட்டாராம். ஆமா, நீ எந்த ஊரும்மா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அவர் வயலில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்திருக்கிறேன். மதுரை என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது, முப்பது வருடத்துக்கு மேலாக இங்கேதான் வீடு. மேடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடம்பங்குளம்தாங்கய்யா. முருகேசனோட அக்கா."

"பாத்தியா, சொன்னேன்ல" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார்.

"என்னைய நம்ப வேணாங்கய்யா. சைட்டுல வெள்ளிக்கிழமை என்ன இருந்துச்சோ, யாரு போட்டது, எப்பப் போட்டது, எல்லாம் அதுக்குள்ளயே பதிஞ்சு கெடக்கு. நான் ஒரு எழுத்தக்கூட அடிக்காம அத அப்படியே தொறந்து காட்டுறேன். அதுல உங்க கையெழுத்து இருந்தா நம்புங்க. இல்லேன்னா தண்ணி உங்களுக்கே போகட்டும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மணி நேரம்."

"சரி. அதுவரைக்கும் யாரும் மடையில கை வைக்க மாட்டாங்க. நான் நிக்கிறேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவசியமே இல்லை. தண்ணீர் அவர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்.

பாதியில் நின்ற அப்டேட் டேட்டாபேஸின் அமைப்பைப் புது முறைக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. அதைப் பழைய மென்பொருளில் வைத்தால் படிக்காது. பின்னால் போக முடியாது, முன்னால் போய்த்தான் முடிக்க வேண்டும். ஆனால் உண்மையான தளத்தில் இல்லை. வெளியே யாருக்கும் தெரியாத ஒரு சர்வரில் உடைந்த நகலை அப்படியே வைத்தோம். பிளகின்கள் இருந்த கோப்புறையின் பெயரை மாற்றினேன். அப்படிச் செய்தால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் உறங்கிவிடும். பாதி பாதியாக இருந்த கோப்புகளை எடுத்துவிட்டு, புதுப் பதிப்பை முழுதாகப் போட்டேன். டேட்டாபேஸ் மாற்றத்தை முடிக்கச் சொல்லி ஓட விட்டேன். மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் செய்வதை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினார். அது வழக்கமாக நான் செய்கிற வேலை.

உள்ளே நுழையும் பக்கம் திறந்தது. அந்த இடத்தில் மறுபடி ஒரு நகல். பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாக எழுப்பினோம். ஒன்றைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவது, எழுப்புவது, தளத்தைத் திறந்து பார்ப்பது, அடுத்தது. இரண்டிரண்டாக எழுப்பினால் கால் மணி நேரம் மிச்சம் என்று கை துடித்தது. விழுந்தால் எதனால் விழுந்தது என்று தெரியாமல் போகும்.

ஐந்தாவதாக முறைப் பட்டியல் பிளகின். எழுப்பினேன், வெள்ளைப் பக்கம்.

"படிங்க" என்றார் மேடம்.

வாய்விட்டுப் படித்தேன். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அதுவே சொன்னது. புது மென்பொருளில் நீக்கப்பட்டுவிட்ட ஒரு கட்டளையை இது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக எதை எழுத வேண்டும் என்று மென்பொருள் செய்தவர்களின் குறிப்பிலேயே இருந்தது. மேடம் அந்த ஒரு வரியை மாற்றினார். மறுபடி எழுப்பினேன். பட்டியல் வந்தது.

இந்த முறை முதலில் தேதியைத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. கீழே தீர்மானத்தின் படம், பதிவேற்றியவர் பெயர், நேரம், அதற்கு முன்பு இருந்த பட்டியல், மாற்றப்பட்ட பட்டியல் எல்லாம் வரிசையாக இருந்தன. ஊர்ப் பெயர்கள் பதினொன்றையும் விரல் வைத்துப் படித்தேன். பிறகுதான் உண்மையான தளத்துக்கு மாற்றினோம். மணி ஒன்று ஐந்து. ரெண்டு மணி நேரம் என்று சொன்னது கொஞ்சம் தாண்டிவிட்டது.

மடையில் பெருமாள் ஐயா தன் போனிலேயே திறந்தார். வேறு யார் போனையும் வாங்கவில்லையாம். தங்கராசு அண்ணன் லைனைத் துண்டிக்காமல் வைத்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது. அவர் தீர்மானத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்தச் சுற்றிலேயே" என்ற இடத்தில் நின்றார். மறுபடி ஒருமுறை படித்தார்.

"ஆமாய்யா. இந்தச் சுத்துன்னுதான் இருக்கு. கையெழுத்தும் என்னுதுதான். நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்று சத்தமாகவே சொன்னார். அதன் பிறகு மடைப் பலகை ஏறும் சத்தமும் எங்கள் ஊர்க்காரர்களின் கூச்சலும் ஒன்றாகக் கேட்டன.

போன் கையில் திரும்பி வந்ததும் தங்கராசு அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பாண்டிம்மா, ஒண்ணு சொல்லணும். காலைல மஞ்சக் கலர்ல ஒரு கட்டம் வந்துச்சு. அப்டேட் பண்ணாட்டி ஆபத்துன்னு போட்டிருந்துச்சு. நீ ரெண்டு தடவ கேட்டு நான் தள்ளிப்போட்டேன்ல, பயந்துக்கிட்டு நானே அமுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலை நான் செய்ததும் அவர் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றியது. இரண்டு பேருமே பதற்றத்தில் ஒன்றைச் சரி செய்யப் போனோம். "அடுத்த தடவ அமுக்குறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். மேடம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தேவிட்டார்.

மாலையில் மறுபடி பெருமாள் ஐயா கூப்பிட்டார். காலையிலிருந்து தங்கள் பக்கம் போன ஏழு மணி நேரத் தண்ணீரைத் தங்கள் அடுத்த முறையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்கு அவர் யாரையும் கேட்கவில்லையாம், மற்றவர்களும் மறுக்கவில்லையாம். கடைசியில், "இன்னொண்ணு. அந்தப் பட்டியலுக்கு மேல, இது என்னைக்கு மாத்துனதுன்னு பெருசா போடும்மா. எங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி" என்றார். மறுநாளே போட்டோம். அன்றிலிருந்து தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் அந்தத் தளத்தைத் தினமும் நகல் எடுத்தோம். மற்ற தளங்களிலும், திருப்பி வைத்த பிறகு பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் உள்ளடக்கத்தின் தேதியைச் சேர்த்தோம். பல தளங்களில் அது எங்களைக் காப்பாற்றியது.

புதிதாக வந்தவர்கள் கேட்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். அப்டேட்டைத் தானாகவே நடக்க விடுங்கள். அன்று அந்த வசதி இருந்திருந்தால் தங்கராசு அண்ணன் மஞ்சள் கட்டத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் பக்கம் திறந்துவிட்டது என்பதற்கும், திறந்த பக்கம் சரியானது என்பதற்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. முறைப் பட்டியல் தளத்தில் ஏறும் முன் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட மூன்று பேரை நியமிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் பெயரைச் சொன்னது பெருமாள் ஐயா. மேலக்கரையிலிருந்தே ஒருவர் எழுந்து, "அந்தம்மா கடம்பங்குளத்துக்காரங்க ஆச்சே?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியும்யா. பிரச்சினை நடந்துக்கிட்டு இருக்கும்போது நான் கேட்டதுக்கு மறைக்காம சொன்ன பொம்பள. அதுனாலதான் சொல்றேன்" என்றாராம். தம்பிதான் இதை என்னிடம் சொன்னான்.

முதல் கூட்டத்துக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போனேன். சங்கக் கட்டடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை. பட்டியலை என் முன்னால் வைத்தார்கள். தேதியைப் பார்த்தேன், தீர்மான நோட்டோடு ஒப்பிட்டேன், பதினோரு ஊரையும் வரிசையாகப் படித்தேன். முதல் ஐந்து நாள் மேலக்கரைக்கு. கடம்பங்குளத்துக்குக் கடைசியில்தான் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.